ஒன்பது விநாடி

கிடினியா, 11 ஜனவரி 1988

ராடெக்,

வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? பொய் சொல்லாம எழுது. இங்க எனக்கு மூட்டு வலி. என் வீட்டுக்காரர் காஷிக் கப்பல்ல இருக்கறவரைக்கும் கல்லு மாதிரி இருப்பார், கரையில காலை வச்ச மறுநாள் ஜலதோஷம். அவ்வளவுதான் எங்க சேதி.

உன்னை மாதிரி படிச்சவங்க எழுதுற நடை எனக்கு வராது. வாயில வர்றதை அப்படியே எழுதுறேன், பொறுத்துக்கோ.

யோலாவோட அடக்கத்துக்கு உங்க வீட்டுக்கு வந்தப்போ ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு கேக்கற விஷயமா அதுன்னு வாயை மூடிக்கிட்டு ரயில் ஏறிட்டேன். என் தங்கச்சி போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, டிசம்பர் பத்தாம் தேதி, தபால் ஆபீஸ்ல இருந்து எனக்கு ட்ரங்க் கால் போட்டா. மொத்தமே மூணு நிமிஷம். "ரேனியா, உனக்கு ஒரு கேசட்ல பேசி வச்சிருக்கேன். கிறிஸ்துமஸ் பார்சல்ல வரும். தனியா உக்காந்து கேளு"ன்னா. அதுக்கப்புறம் லைன் கட்.

பார்சல் வரல. யாருக்குத்தான் பார்சல் ஞாபகம் இருக்கும், நான் குறை சொல்லல. ஆனா கேசட் வீட்டுலதானே இருக்கும்? அனுப்பி வை. என்ன அவசரம்னு மட்டும் கேக்காத.

காய்ஞ்ச காளான் ஒரு பொட்டலம் வச்சிருக்கேன். சூப்புல போடு. ஜன்னல்ல வச்சு மறந்துடாத.

உன் அக்கா மாதிரி,
இரேனா


கிளிவிட்சே, 19 ஜனவரி 1988

அன்புள்ள இரேனா அக்காவுக்கு,

காளான் வந்து சேர்ந்தது. நன்றி. சாப்பிடுகிறேன். சுரங்கத்தின் உணவகத்தில் மதியம் சூடாகக் கிடைக்கிறது. உங்கள் மூட்டுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்? அத்தான் எப்போது கப்பல் ஏறுகிறார்?

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அதில் இரைச்சல் இருக்கிறது. அப்படியே கேட்க முடியாது. என் வீட்டுக் கணினி வழியாகச் சுத்தம் செய்து அனுப்புகிறேன்.

இது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். குரலை ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக மெமரியில் அடுக்க வேண்டும். பிறகு அந்த எண்களை அதே வேகத்தில் திரும்ப வாசித்தால் குரல் வரும். இதற்கு சாம்பிளிங் என்று பெயர். வெளிநாட்டில் பாட்டுக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நாய் குரைப்பதை ஒருமுறை பிடித்து, விசைப்பலகையில் வைத்து, அதையே பாட்டாக வாசிப்பார்கள். அளக்கும் சின்னப் பலகையை நானே ஈயம் வைத்து சால்டரிங் செய்துவிட்டேன். அதற்கான நிரலைக் கீச்சுச் சத்தமாக ரேடியோவில் ஒலிபரப்பினார்கள், டேப்பில் பிடித்தேன்; அந்த டேப்பைக் கணினிக்கு ஓட்டினால் நிரல் உள்ளே ஏறும். சுரங்கத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் என்னுடன் வேலை செய்யும் எர்வின் ஒரு பழைய மைக் கொடுத்தான்.

கொஞ்சம் நாளாகும். பொறுத்திருங்கள்.

ராடெக்


கிடினியா, 30 ஜனவரி 1988

ராடெக்,

மூட்டுக்கு வாத்துக் கொழுப்பு. நீ கேட்டதுக்கு நன்றி. சுவரைப் பார்த்துக்கிட்டே கேட்ட மாதிரி இருந்தாலும் நன்றி.

இரைச்சல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் நாள் பூரா மீன் டப்பா மூடுற மிஷினுக்குப் பக்கத்துல நிக்கறவ. அந்தச் சத்தத்துக்கு நடுவுல பத்தடி தள்ளி நிக்கறவ என்ன புரளி பேசுறான்னு எனக்குக் கேக்கும். என் தங்கச்சி குரல் கேக்காதா? சுத்தமும் வேண்டாம் சோப்பும் வேண்டாம். அப்படியே ஒரு கவர்ல போட்டு அனுப்பு.

நாய் குரைக்கறதைப் பாட்டா வாசிப்பாங்கன்னு எழுதியிருந்ததை காஷிக்குக்குப் படிச்சுக் காட்டினேன். "ஹாம்பர்க்ல நான் கேட்டிருக்கேன், நாயே தேவலாம்"ங்கறார்.

அவர் மார்ச் கடைசியில மறுபடி கிளம்பறார். அதுக்குள்ள எனக்கு அந்தக் கேசட் வேணும். வேணும்னா வேணும்.

இரேனா


கிளிவிட்சே, 14 பிப்ரவரி 1988

அன்புள்ள இரேனா அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வியாழன், தவக்கால நோன்புக்கு முந்தைய விருந்து வியாழன், எல்லோரும் ஜாம் வைத்த இனிப்பு வடை கொண்டு வந்தார்கள். எர்வின் என் மேசையில் மூன்று வைத்துவிட்டு, "இதைச் சாப்பிடலன்னா வருஷம் பூரா பஞ்சம்யா, உனக்காக இல்லன்னாலும் சுரங்கத்துக்காகச் சாப்பிடு" என்றான். இரண்டு சாப்பிட்டேன்.

வேலை ஓடவில்லை. நிரல் நான்கு முறை ஏற்றினால் ஒருமுறை ஏறுகிறது. பதினோரு நிமிடம் காத்திருந்து, கடைசி நிமிடத்தில் பிழை என்று காட்டும். டேப் ரெக்கார்டரின் தலையைத் திருகாணியால் கால் சுற்று திருப்பி, மறுபடி முதலிலிருந்து. ஏறினால், மெமரி போதவில்லை. மொத்தமே அறுபத்து நான்கு கிலோபைட். அதில் நிரலுக்குப் போக மீதியில் ஐந்து விநாடிக் குரல்தான் அடங்குகிறது. எனக்கு ஒன்பது வேண்டும். அளக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒன்பதும் அடங்கும். ஆனால் வேகம் குறைந்தால் மெல்லிய ஒலிகள் முதலில் விழுந்துவிடும். ஸ், ஷ், ச் எல்லாம் போய்விடும். நம் ஆட்கள் பேச்சில் பாதி அந்த ஒலிதானே. பல் பிடுங்கிய வாயால் பேசுவதுபோல் இருக்கிறது.

ஒரு உதவி. எங்கள் கல்யாணத்தை அத்தான் டேப்பில் பிடித்தாரே, அதை அனுப்ப முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க அவளுடைய தெளிவான குரல் தேவைப்படுகிறது.

கீழ்வீட்டு ஹில்டா அம்மா கரண்டியால் வெப்பக்குழாயைத் தட்டுகிறார். சத்தம் அதிகமாம்.

ராடெக்


கிடினியா, 27 பிப்ரவரி 1988

ராடெக்,

புதன்கிழமை உன் பெயர்நாள், காலண்டர்ல உன் பேர் போட்டிருக்கற நாள். நூறு வருஷம் இரு. யோலா இல்லாம வர்ற முதல் பெயர்நாள், அதனால பெருசா வாழ்த்த மனசு வரல. உனக்கு ஒண்ணு குடுக்கணும்னு இருந்துச்சு. தயாராகல. ஏன் தயாராகலன்னா என் கையில ஒரு விவரம் இல்ல. சரி, விடு.

கல்யாண டேப் இந்தப் பார்சல்லயே இருக்கு. கூட ஹெர்ரிங் மீன் டப்பா நாலு, நானே மூடினது. டேப்பைத் தொலைச்சேன்னா காஷிக் உன்னைக் கப்பல் நங்கூரத்துல கட்டிடுவார்.

ஒண்ணு கேக்கறேன். ஒன்பது விநாடின்னு எழுதியிருக்கியே, அது என்ன கணக்கு? யோலா வாயைத் திறந்தா ஒன்பது விநாடில "ரேனியா"ங்கறதே முடியாதே. தனியா உக்காந்து கேளுன்னவ எவ்வளவு பேசியிருப்பா!

கழுவுன மீனுக்குள்ள ஏதோ வாடை அடிக்குது தம்பி. சொல்லு.

இரேனா


கிளிவிட்சே, 26 மார்ச் 1988

அன்புள்ள இரேனா அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹெர்ரிங் நன்றாக இருந்தது. இங்கே பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது. அவள் கல்லறையில் போன மாதம் வைத்த மெழுகுவர்த்திக் கண்ணாடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கொட்டிவிட்டு வந்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். கல்யாண டேப்பும் பத்திரமாக உள்ளே இருக்கிறது. பெரும்பகுதி காப்பாற்ற முடியவில்லை. நாற்பது விநாடிதான் தேறியது.

ஹில்டா அம்மா மாடிக்கே ஏறி வந்துவிட்டார். கதவைத் திறந்ததும், "ஏம்ப்பா, ஒரு பொம்பளை பேரை எத்தனை தடவை கூப்பிடுவ? இரேனா, இரேனா, இரேனா! காலைல இருந்து இருநூறு தடவை ஆச்சு. அவ வந்து தொலைஞ்சா எனக்கு நிம்மதி" என்றார். அது யார் குரல் என்று சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு தட்டு உருளைக்கிழங்கு உருண்டை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். இப்போது குழாயைத் தட்டுவதில்லை. தட்டினால் தேவலாம் போலிருக்கிறது.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

ராடெக்


கிடினியா, 6 ஏப்ரல் 1988

ராடெக்,

ஈஸ்டர் கூடையைக் கோயில்ல காட்டி ஆசி வாங்கிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழட்டாம கேசட்டைப் போட்டேன்.

"அன்புள்ள இரேனா. நன்றி. எல்லாரும். ரொம்ப. சந்தோஷம். நல்லா இருங்க."

மொதல் தடவை கேட்டப்போ அழுதேன். ரெண்டாவது தடவை கேட்டப்போ அழுகை நின்னுடுச்சு. மூணாவது தடவை காஷிக்கைக் கூப்பிட்டேன்; கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனதால வீட்டுலதான் இருந்தார்.

தம்பி, ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாடியும் அக்கார்டியன் வாசிக்குது! "நன்றி"க்குப் பின்னாடி ஒரு இழுப்பு, "சந்தோஷம்"கிறதுக்குப் பின்னாடி வேற ஒரு பாட்டுல இருந்து அரை இழுப்பு. நடுவுல எங்க சித்தப்பா "கசக்கு"ன்னு கத்துறார், "து"ங்கறதுக்குள்ள வெட்டிட்ட. கல்யாண விருந்துல பொண்ணும் மாப்பிள்ளையும் முத்தம் குடுக்கறவரைக்கும் வோட்கா கசக்குது கசக்குதுன்னு கத்துறது எனக்குத் தெரியாதா? அந்த மேசைக்குக் கீழ்க்கோடில உக்காந்து நானும்தானே கத்தினேன்!

அவ என்னை "இரேனா"ன்னு கூப்பிட்டதே வாழ்க்கையில ஒரு தடவைதான். கல்யாணத்தன்னிக்கு, ஊர் முன்னாடி மரியாதைக்கு. வீட்டுல நான் ரேனியா. அது உனக்கும் தெரியும்.

செத்தவ வாயில வார்த்தை வச்சு எனக்கு அனுப்பியிருக்க. ஏன்னு மட்டும் சொல்லு. அந்த கேசட் எங்க?

இரேனா


கிளிவிட்சே, 10 ஏப்ரல் 1988

இரேனா அக்கா,

கேசட் இருக்கிறது. அவள் இல்லை அதில்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி அவள் சமையலறையில் உட்கார்ந்து உங்களுக்குப் பேசினாள். டேப் ரெக்கார்டரை நான்தான் மேசையில் வைத்துக் கொடுத்தேன். முள் சிவப்புக்குப் போகாமல் பேசு என்றேன். "தெரியும் இன்ஜினியர், வெளிய போ" என்று கதவைச் சாத்தினாள். முடித்துவிட்டு டேப்பை முதலுக்குச் சுற்றி, மெஷினுக்குள்ளேயே விட்டிருக்கிறாள். பார்சலில் வைக்க வேண்டியது நான்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு, ரேடியோவில் கணினி நிகழ்ச்சி. சாம்பிளிங் நிரலை ஒலிபரப்பப் போகிறார்கள் என்று எர்வின் முன்பே சொல்லியிருந்தான். எனக்கு அது வேண்டும் என்றுகூட இல்லை. அதற்கு முன் ஆறு மாதமாக அதற்காகக் காத்திருந்தேன், அதனால் கை தானாகப் போனது. அறிவிப்பாளர் "இப்ப பதிவை அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். மெஷினில் இருந்தது எந்தக் கேசட் என்று பார்க்கவில்லை. பதினோரு நிமிடம் கீச்சென்று அந்தச் சத்தம் ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டிருந்தேன். கையில் சூடான தேநீர்கூட இருந்தது.

நிரல் ஏறி முடிந்ததும் கணினியே டேப்பின் மோட்டாரை நிறுத்திவிடும். அதனால் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஜனவரி எட்டாம் தேதி அது ஏறாமல் போகவே, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சாதாரண மெஷினில் போட்டுக் கேட்டேன். கீச்சுச் சத்தம் முடிந்தது. உடனே அவள் பேசினாள். ஒன்பது விநாடி.

"அவ்வளவுதான் ரேனியா. எல்லாம் சரியா எழுதிக்கிட்டியா? ராடெக்கிட்ட மட்டும் சொல்லாத. முத்தம்."

பிறகு டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அந்த ஒன்பது விநாடியை எப்படியாவது கணினிக்குள் எடுத்துவிட்டால் அது தேயாது என்று நினைத்தேன். டேப் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்கிறது அக்கா. அடங்கவில்லை. ஒன்று வால் வெட்டுப்படுகிறது, இல்லையென்றால் அவள் குரல் அவளுடையதாக இல்லை. அப்புறம்தான் கல்யாண டேப்பிலிருந்து ஒரு கடிதம் கட்டலாம் என்று புத்தி போனது. மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்லுங்கள். என்னிடம் எதைச் சொல்லக்கூடாது? தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துப் போனாள், ஆனால் நவம்பரில் இருந்தே அவளுக்குத் தலைவலி இருந்தது. மாத்திரை போட்டாள். டாக்டரிடம் தனியாகப் போய்வந்தாளா? தனக்கு என்ன என்று தெரிந்து, உங்களிடம் எழுதிக்கொள்ளச் சொல்லி, என்னிடம் மறைத்தாளா? நான் பக்கத்து அறையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன்.

தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

ராடெக்


கிளிவிட்சே, 15 மே 1988

இரேனா அக்கா,

ஐந்து வாரமாகிறது. திட்டியாவது எழுதுங்கள்.

கணினியைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். கேசட்டை அதற்குப் பிறகு ஓட்டவில்லை. எர்வின் "விடுய்யா, வா, மீன் பிடிக்கப் போகலாம்" என்கிறான். போனேன். ஒன்றும் மாட்டவில்லை.

உங்கள் மூட்டு எப்படி இருக்கிறது?

ராடெக்


கிடினியா, 29 மே 1988

ராடெக்,

உன் கடுதாசியைப் படிச்சதும் மேசை இழுப்பறையில மீன் கத்திகளோட போட்டு மூடிட்டேன். எடுத்தா என்ன எழுதுவேன்னு எனக்கே பயம். உன்னை ரெண்டு கன்னத்துலயும் அறையணும்னு இருந்துச்சு. இன்னும் இருக்கு. என் தங்கச்சி எனக்குன்னு பேசினது பதினோரு நிமிஷம். அதுக்கு மேல உங்க கீச்சு மெஷின் சத்தம்.

காஷிக் போன வாரம் கரைக்கு வந்து கத்தி தேடினப்போ அதைப் படிச்சுட்டார். சமையல்கட்டுல நின்னுக்கிட்டே படிச்சார். அப்புறம் சொன்னார்: "ரேனியா, அன்னிக்கு ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தது அவன் இல்ல. அவன் சட்டை மட்டும்தான். சட்டையை அறைஞ்சு என்ன பண்ணுவ?" அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படிப் பேசுவார். அதனால கேட்டுக்கிட்டேன்.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். டாக்டரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீ அஞ்சு மாசமா இதை மனசுல வச்சுப் புழுங்கிக்கிட்டு இருந்தியா? என்கிட்ட அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!

அது உன் பெயர்நாள் பரிசுடா.

நவம்பர்லயே எனக்குச் சொல்லிட்டா. "அவன் கம்ப்யூட்டருக்கு மெமரி போதலன்னு தினம் புலம்பறான். இங்க கிடைக்காது. காஷிக் ஹாம்பர்க் போறப்போ வாங்கிட்டு வரட்டும். அதுக்கு ஒரு பேரும் நம்பரும் இருக்காம், அவன் நோட்டுல கிறுக்கி வச்சிருக்கான். நான் திருட்டுத்தனமா எடுத்துக் கேசட்ல படிச்சுடறேன், நீ கேட்டு நிதானமா எழுதிக்கோ. ட்ரங்க் கால்ல படிச்சா தபால் ஆபீஸ் பூரா கேக்கும்"னா. அதான் "எழுதிக்கிட்டியா." அதான் "சொல்லாத." பெயர்நாள் தாண்டினாலும் பரவாயில்ல, அவர் அடுத்த தடவை கிளம்பறதுக்குள்ள எழுதிக் குடுக்கணும்னுதான் மார்ச் கடைசிக்குள்ள வேணும்னு உன் உயிரை எடுத்தேன். சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லிட்டுப் போயிட்டா, நான் எப்படிச் சொல்லுவேன்?

தலைவலி பத்திக் கேட்ட. ஒரு தடவை போன்ல சொன்னா. "அவன் கையெழுத்தைப் பாத்துப் பாத்து எனக்குத் தலைவலி ரேனியா"ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருக்கணுமோன்னு நானும்தான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

பதினோரு நிமிஷமும் நம்பரா படிச்சிருக்க மாட்டா. மிச்சம் என்ன பேசினான்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியப் போறதில்ல. அதை உனக்கு நான் இன்னும் மன்னிக்கல. மன்னிச்சதும் எழுதறேன்.

ஆனா சொன்னது சொன்னதுதான். அந்த நோட்டை எடுத்து, நம்பரை எழுதி அனுப்பு. காஷிக் ஜூன் இருபதுக்குக் கிளம்பறார். விலை கிலைன்னு ஏதாவது எழுதின, டப்பாவுல போட்டு மூடிடுவேன்.

இரேனா


கிளிவிட்சே, 5 ஜூன் 1988

இரேனா அக்கா,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்றுவரை நோட்டைத் திறக்கவில்லை. மஞ்சள் அட்டை போட்டது, சால்டரிங் பெட்டிக்கு அடியில் இருந்தது. திறந்தேன்.

அந்தப் பக்கம் இருக்கிறது. செப்டம்பரில் நான் எழுதியது. மெமரி சிப் எட்டு, அதன் நம்பர், எந்தக் காலை எதனுடன் இணைப்பது என்று ஒரு படம். பக்கம் முழுக்கப் பென்சில்.

என் பென்சில் இல்லை. நான் பேனாவில்தான் எழுதுவேன்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக். படித்து முடித்த வரி என்று அடையாளம் போட்டிருக்கிறாள். சுருக்கெழுத்தாக நான் எழுதியதை எல்லாம் மேலே முழுசாக எழுதியிருக்கிறாள், வாய்விட்டுப் படிக்க வசதியாக. ஒரு நம்பருக்கு மேல் மட்டும் கேள்விக்குறி. "இது ஒண்ணா ஏழா? கேக்காத மாதிரி கேக்கணும்."

கேட்டாள் அக்கா. ஞாபகம் இருக்கு. டிசம்பர் முதல் வாரம், சூப் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். "ராடெக், நீ ஏழுக்கு நடுவுல கோடு போடுவியா போட மாட்டியா?"ன்னா. எதுக்குன்னேன். "சும்மாதான், எங்க ஸ்கூல்ல பசங்களுக்குள்ள சண்டை"ன்னா. நான் பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, "போடுவேன், அவசரத்துல மறந்துடுவேன்"ன்னேன். நோட்டுல கேள்விக்குறிக்குப் பக்கத்துல "ஏழு"ன்னு எழுதி, ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கா.

சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கா. ஏழுதான்.

நம்பரைத் தனித்தாள்ல எழுதி வச்சிருக்கேன். ஏழுக்குக் கோடு போட்டிருக்கேன். அத்தானுக்கு என் வணக்கம்.

ராடெக்


கிடினியா, 30 ஜூலை 1988

ராடெக்,

இதோ உன் சாமான். எட்டு பூரான் மாதிரி இருக்கு. காஷிக் ஹாம்பர்க்ல நாலு கடை ஏறி இறங்கினாராம். கடைக்காரன் "இது எதுக்கு"ன்னு கேட்டானாம். "என் மச்சினி அவ புருஷனுக்கு வாங்கித் தரச் சொன்னா"ன்னு சொன்னாராம். அவ இறந்துட்டான்னு சொல்லலயாம். ஜெர்மன்ல அதைச் சொல்லத் தெரியலன்னாரு. தெரியும் அவருக்கு.

தாமதமான பெயர்நாள் வாழ்த்து. இது என்னோடது இல்ல, அவளோடது.

இரேனா


கிளிவிட்சே, 21 ஆகஸ்ட் 1988

இரேனா அக்கா,

நல்லா இருக்கேன். காலையில ஹில்டா அம்மா வெள்ளரிக்கா ஊறுகாய் குடுத்தாங்க, அதையும் ரொட்டியும் சாப்பிட்டேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.

பழைய சிப் எட்டு மேல புது சிப் எட்டையும் முதுகுச் சவாரி மாதிரி ஏத்தி, ஒவ்வொரு காலா ஈயம் வச்சேன். எர்வின் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு, "நிழல் விழுதுய்யா, தலையை நகத்து"ன்னான். "உன் விளக்கை நகத்து"ன்னேன். மூணு தடவை ஒண்ணும் வரல. ஒரு கால் ஒட்டாம இருந்துச்சு. நாலாவது தடவை மெஷின் முழிச்சுக்கிச்சு. நிரலை ஏத்தினேன். அது சொன்ன மெமரியை ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஒன்பது விநாடியும் அடங்கிடுச்சு அக்கா. முழு வேகத்துல. ஸ், ஷ் எல்லாம் இருக்கு. "சொல்லாத"ங்கறப்போ அவ சிரிப்பை அடக்கிக்கிட்டு பேசறது டேப்புல எனக்குத் தெரியவே இல்ல. இதுல தெரிஞ்சுச்சு.

விசைப்பலகையில வச்சா மேல் சுரத்துல குழந்தை மாதிரியும் கீழ் சுரத்துல ஆம்பளை மாதிரியும் வரும். அதுக்குத்தானே இந்த நிரல். எர்வின், "வாசிச்சுப் பாருய்யா"ன்னான். நடுவுல இருக்கற விசையை மட்டும் ஒரு தடவை அழுத்தினேன், அவ பேசின சுரத்துல. அப்புறம் மெஷினை அணைச்சேன். கரண்ட் போனா அதுக்கு எல்லாமே மறந்துடும். பரவாயில்லன்னு இருந்துச்சு.

கேசட் இந்தப் பார்சல்ல இருக்கு. அசல்தான். அது உங்களுக்குப் பேசினது, எட்டு மாசம் தாமதமா வருது. முதுகுல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைச்சுட்டேன். இனிமே யாரும் அது மேல எதையும் பதிய முடியாது.

முதல் பதினோரு நிமிஷம் கீச்சுன்னு இருக்கும். வேகமாச் சுத்தாதீங்க, டேப் மாட்டிக்கும். வாத்துக் கொழுப்பு தேய்ச்சுக்கிட்டு, தனியா உக்காந்து, பொறுமையாக் கேளுங்க. அப்புறம் வருவா. என்கிட்ட மட்டும் சொல்லாதன்னு உங்ககிட்ட சொல்லுவா.

நீங்க சொல்லிட்டீங்க. கவலைப்படாதீங்க, நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்.

ராடெக்